பசு என்ன தின்னும்?

மூன்றாம் வகுப்பு விலங்குகள் பாடத்துக்கு இஞ்ஞாசியம்மாள் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம் ரொம்பச் சின்னது. வீட்டில் இருக்கிற விலங்குக்குத் தீனி கொடுக்க வேண்டும், அது என்ன சாப்பிடுகிறது என்று சொல்ல வேண்டும், அதை வீடியோ எடுத்து டீச்சரின் நம்பருக்கு அனுப்ப வேண்டும். குரூப்பில் போட்டால் போன் நிறைந்துபோகிறது என்று பெற்றோர்கள் சண்டைக்கு வந்ததால், தனியாக அனுப்பச் சொல்லிவிட்டார். டீச்சர் இருந்தது திண்டுக்கல் டவுனில், ஒரு மாடி வீட்டில். கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டி வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டவுனில் உட்கார்ந்துகொண்டு கன்னிவாடிப் பக்கத்துக் காட்டுப் பிள்ளைகளுக்கு மாடு எப்படி இருக்கும் என்று படம் காட்ட வேண்டிய காலம் அவருக்கு வந்திருந்தது. பாவம், அவரை என்ன சொல்வது!

ஜீவிதா அதைக் கேட்டதும் குதித்தாள். கணக்கு என்றால் அழுவாள், இங்கிலீஷ் என்றால் வயிறு வலிக்கும். மாடு என்றால் அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? செவலை அவள் கையால்தான் தினமும் தண்ணீர் குடிக்கும். கறவை மாடு, சாது. கொம்பைப் பிடித்துத் தொங்கினாலும் ஒன்றும் செய்யாது. வீட்டுச் செலவு பாதி அதன் மடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செவலை என்ன தின்னும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை அடைத்துவிட்டார்கள், கேரளா லாரி இல்லை. காட்டில் காலிஃப்ளவர் பூத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "மனுசன் திங்கக் குடுத்து வைக்கல, மாடாச்சும் திங்கட்டும்" என்று அவள் அப்பா பாண்டியராஜ் தினமும் கூடை கூடையாகப் பறித்துச் செவலைக்குப் போட்டான். விளைவித்தவன் கையாலேயே போடும்போது அவன் முகம் போன போக்கை ஜீவிதா கவனிக்கவில்லை. மாட்டுக்குக் காலிஃப்ளவர் என்றால் உயிர் என்பதை மட்டும் கவனித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கமிஷன் கடைக்காரர் போன் செய்தார். திங்கட்கிழமை மார்க்கெட் திறக்கிறார்கள், புழு விழாத பூவாக இருந்தால் கொண்டு வா என்றார். பாண்டியராஜுக்கு உயிர் வந்தது. மோட்டார் ரூமை ஒட்டிய நாலு வரிசையில்தான் பூ இன்னும் வெள்ளையாக இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக அந்த நாலு வரிசைக்கும் மருந்தடித்தான். பிறகு குளித்தான், மகளின் வகுப்புக்காகப் போனை ஜன்னலில் வைத்தான், சாக்கு வாங்கக் கன்னிவாடிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி பஞ்சவர்ணம் அதற்கு முன்பே மல்லிகை பறிக்கிற கூலிக்குப் போயிருந்தாள்.

மோட்டார் ரூம் பக்கம் போகாதே என்று அவன் மகளிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்தான் என்றால்கூடப் பொருந்தாது. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. காட்டு வேலையையெல்லாம் எட்டு வயசுப் பிள்ளையிடம் யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

ஜீவிதா வீடியோவுக்கு நல்ல பூவாகத் தேடினாள். டீச்சர் பார்க்கப் போகிறாரே, மஞ்சள் பூவையா காட்டுவது? மோட்டார் ரூம் பக்கத்துப் பூக்கள் பளிச்சென்று இருந்தன. இலையெல்லாம் ஈரம், பனி என்று நினைத்துக்கொண்டாள். மருந்து வாடை அந்தக் காட்டில் எப்போதுமே உண்டு, அது அவளுக்கு ஒரு வாடையாகவே படவில்லை. செவலையை அங்கேயே கொண்டு வந்து கட்டினாள். போனைத் திண்டின் மேல் சாய்த்து வைத்தாள்.

முதல் தடவை எடுத்தபோது செவலை திரும்பி நின்று வாலைக் காட்டியது. அடுத்த தடவை ஜீவிதா தன் பெயரைச் சொல்ல விட்டுவிட்டாள். அதற்கடுத்த தடவை போன் சரிந்து வானத்தைப் படம் பிடித்தது. ஒவ்வொரு தடவைக்கும் இலையோடு ஒரு புதுப் பூ. கடைசியில் எல்லாம் கூடி வந்தது. "என் பேரு ஜீவிதா. இது எங்க பசு. இது பேரு செவலை. செவலை காலிஃப்ளவர் சாப்பிடும்." செவலையும் சொல்லி வைத்ததுபோல் பூவை வாங்கி மென்றது. ஜீவிதா அதன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வீடியோவை அனுப்பினாள்.

பஞ்சவர்ணம் கூலி முடிந்து வந்தபோது மாட்டின் வாயில் நுரை ஒழுகிக்கொண்டிருந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. "ஐயோ, என் சாமீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் ஓடி வந்தது. மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் போலீஸ் செக்போஸ்ட்டையெல்லாம் தாண்டி வந்து சேர்வதற்குள் செவலை காலை நீட்டிவிட்டது. அவர் அதன் வாயை மோந்து பார்த்தார். "வெசம்தான். மருந்து வாடை அடிக்குது" என்றார். எப்படி வந்திருக்கும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதற்குள் பாண்டியராஜ் வந்துவிட்டிருந்தான்.

வெசம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் அங்கே நிற்கவில்லை. நேராகப் பக்கத்துக் காட்டுப் பொன்னுத்துரை வீட்டு வாசலுக்குப் போனான். பொன்னுத்துரை அவனுக்குப் பெரியப்பா மகன், ஜீவிதாவுக்குப் பெரியப்பா முறை. போன வாரம் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு அவர் சோளத்துக்குள் புகுந்து மேய்ந்துவிட்டது. "இன்னொரு தடவை வந்துச்சு, மருந்து வெச்சுப்புடுவேன்" என்று அவர் கத்தியதை ஊரே கேட்டது. கோபத்தில் எல்லோரும் கத்துவதுதான். ஆனால் இப்போது மாடு செத்துக் கிடக்கிறது, சொன்ன வாய் அவருடையது.

"வாயில்லா சீவனைக் கொன்னுட்டியேடா! நீ வெளங்குவியா?" என்று மண்ணை வாரித் தூற்றினான் பாண்டியராஜ்.

"நான் வெக்கலப்பா. எம் பொண்ணு மேல சத்தியமா நான் வெக்கல" என்று பொன்னுத்துரை திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் கேட்குமா?

சாயங்காலம் பாண்டியராஜ் செவலையைப் புதைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான். அப்போதுதான் போனில் டீச்சரின் குரல் பதிவு வந்தது. ஏதோ பள்ளிக்கூடச் சேதி என்று அழுத்தினான்.

"சூப்பர் ஜீவிதா! செவலை எவ்ளோ ஆசையா காலிஃப்ளவர் சாப்பிடுது! வெரி குட்!"

அவன் வீடியோவைத் தேடிப் போட்டான். செவலை உயிரோடு நின்று மென்றுகொண்டிருந்தது. பின்னால் மோட்டார் ரூமின் நீலக் கதவு. மறுபடியும் போட்டுப் பார்த்தான். பிறகு அதை அழித்தான். மற்ற மூன்றையும் தேடி அழித்தான். நிலைப்படியில் நின்ற மகளை அருகில் கூப்பிட்டான்.

"எங்க பறிச்சே?"

ஜீவிதா கையைக் காட்டினாள்.

அவன் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அழுதுகொண்டே கழுவினான். ஊர் நடுவில் அப்படிக் கத்திவிட்டு வந்தாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு போய் நிற்பது?

"யார்ட்டயும் சொல்லாத பாப்பா. மாட்டைக் கொன்ன புள்ளைன்னு ஊரு பேசும். ஆரு கேட்டாலும் வைக்கோல்தான் தின்னுச்சுன்னு சொல்லு. என்னா?"

"அம்மாட்டயும் சொல்லக் கூடாதாப்பா?"

"அம்மாட்டயும்தான்."

மறுநாள் கருப்பசாமி கோயில் முன்னால் கூடினார்கள். முகக்கவசம் எல்லோர் தாடையிலும் தொங்கியது. பெரிய மனுஷர் நல்லுசாமி நடுவில் நின்றார். பொன்னுத்துரை சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக வந்திருந்தார். "மெரட்டுனவன் சத்தியம் எப்புடிப்பா செல்லும்?" என்றார் நல்லுசாமி. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை. "வீட்ல இருந்தது புள்ளதானே? புள்ள பொய் சொல்லாது. அது சொல்லட்டும்" என்றார்.

பொன்னுத்துரையின் முகம் தெளிந்தது. "ஆமாய்யா, அதுவே சொல்லட்டும். நம்ம ஜீவிதா சொன்னாச் சரி" என்றார்.

சூடத்தைக் கொளுத்தினார்கள். ஜீவிதா அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மாட்டுக்கு என்னாத்தா போட்டே?" என்று கேட்டார் நல்லுசாமி.

"வைக்கோல்."

"வேற ஒண்ணும் போடலியே?"

"வைக்கோல் மட்டுந்தான்."

கையை நீட்டிச் சூடத்தை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தாள். உள்ளங்கை சுட்டது. சாமி இப்போதே ஏதாவது செய்யும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். சாமி ஒன்றும் செய்யவில்லை. செய்தது ஊர்தான். மாட்டுக்கு மாடு என்று தீர்ப்புச் சொல்லி, பொன்னுத்துரையின் கருப்பியை அன்றைக்கே அவிழ்த்துக்கொண்டு வந்து செவலையின் இடத்தில் கட்டினார்கள். அவருக்கு இருந்ததே அந்த ஒரு மாடுதான்.

திங்கட்கிழமை மார்க்கெட் திறந்தது. நாலு வரிசைப் பூவும் வெள்ளைவெளேரென்று சாக்கில் ஏறி ஒட்டன்சத்திரம் போயிற்று. யார் வீட்டுக் குழம்பில் கொதித்ததோ!

கருப்பி ராத்திரியெல்லாம் அதன் பழைய வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தியது. அதற்குத் தீனி வைப்பதை ஜீவிதா வேறு யாரிடமும் விடவில்லை. வைக்கோலை மட்டும்தான் வைத்தாள். பஞ்சவர்ணம் ஒரு நாள் பச்சைப்புல் அறுத்துக்கொண்டு வந்து போட்டதை வாரி எடுத்துக் குப்பையில் கொட்டிவிட்டாள். "இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் பஞ்சவர்ணம். மாடு வற்றிக்கொண்டு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வீடியோ வகுப்பு. வகுப்பு முடிகிறவரை இப்போதெல்லாம் பாண்டியராஜ் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறான். போன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள். ஒரு கட்டத்தில் பொன்னுத்துரையின் மகள் பவித்ரா. போன வாரம்வரை இரண்டு பேரும் ஒரே போனில் படித்தவர்கள்.

"ஜீவிதா, உங்க பசுவை எல்லாருக்கும் காட்டு" என்றார் டீச்சர்.

ஜீவிதா போனை மாட்டுக் கொட்டத்துப் பக்கம் திருப்பினாள்.

"இது கறுப்பா இருக்கே. செவலை எங்கே?"

"அது எங்க மாடு டீச்சர்" என்றாள் பவித்ரா. அவள் கட்டத்தில், பின்னால், பொன்னுத்துரையின் சட்டை தெரிந்தது.

டீச்சருக்கு என்ன தெரியும்? பேச்சை மாற்றப் பார்த்தார். "சரி சரி, யார் மாடா இருந்தா என்ன. ஜீவிதா சொல்லு, பசு என்ன தின்னும்? அன்னைக்கு வீடியோவில சொன்னியே, அதைச் சொல்லு."

பாண்டியராஜின் கை அவள் முழங்காலை இறுக்கியது.

"வைக்கோல், டீச்சர்."

"வைக்கோலா? அன்னைக்கு வேற ஏதோ..."

பவித்ராவால் பொறுக்க முடியவில்லை. "வைக்கோலை மட்டுமா போடுறே? அதான் எலும்பா கெடக்கு எங் கருப்பி! அதுக்கு எலை தழைன்னா உசுருடி. உங்க காட்டுல காலிஃப்ளவர் எலை அம்புட்டுக் கெடக்குதுல்ல? நாளைக்கு நானே வந்து மோட்டார் ரூம்கிட்ட பறிச்சுப் போடுவேன்."

"வேணாம்!" ஜீவிதா போட்ட கத்தலில் கொட்டத்தில் கருப்பி மிரண்டு நிமிர்ந்தது. "போட்றாதடி! அதைத் தின்னா செத்துரும்! செவலை மாதிரியே செத்துரும்!"

பாண்டியராஜ் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். ஜீவிதா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினாள். பவித்ராவின் கட்டத்தில் அவளை விலக்கிக்கொண்டு பொன்னுத்துரை குனிந்து உட்கார்ந்தார்.

"ஏந்தாயி செத்துரும்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.