தொள்ளாயிரம் பக்க நாவலும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும்

அந்த நாவலை எழுதின மனிதர் மட்டும் என் கையில் அகப்பட்டிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். தொள்ளாயிரம் பக்கம். படகு விட்டுப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். பேசுவது யார் என்று சொல்லித் தொலைக்கவும் மாட்டார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நாலு பக்கம் தாண்டித்தான் முற்றுப்புள்ளி. தலையும் புரியாது, வாலும் புரியாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றால், என் மனைவிக்கு ஆறாம் மாதம். பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழவே கூடாது, அதுவும் இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசைக் கலக்குற எதையும் அவங்க காதுல போடாதீங்க" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

இவளோ ஒரு இடத்தில் கிடக்கிற ஆள் இல்லை. நான் வேலைக்குப் போனதும் எழுந்து அலமாரியை ஒழிப்பாள், ஜன்னலைத் துடைப்பாள். என் மாமியார் கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார். அவளைக் கட்டிப் போட்டது இந்த நாவல் ஒன்றுதான். ஆனால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அந்தச் செங்கல்லை எத்தனை நேரம் பிடிக்க முடியும்? கை மரத்துப் போயிற்று. "நீங்க படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். சரி என்று தலையாட்டி மாட்டிக்கொண்டேன்.

முதல் வாரம் மண்டை காய்ந்தது. ஒரு ஆள் ஒரு கதவின் முன்னால் நின்று, திறக்கலாமா வேண்டாமா என்று முப்பது பக்கம் யோசிக்கிறான்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா எண்ணெய் விட்டு அஞ்சு நிமிஷத்துல திறந்திருப்பேன்" என்றேன்.

"மூச்சு வாங்காம படிங்க, அது போதும்" என்றாள்.

மூச்சு வாங்கியதுதான் பிரச்சினை. நாலு பக்க வாக்கியத்தில் எங்கே நிறுத்துவது? அதனால் புத்தகத்தை வேலைக்கு எடுத்துப்போய், மெஷின் ரூமில் சாப்பாட்டு இடைவேளையில் அன்றைய பகுதியை முன்கூட்டியே படித்து, மூச்சு விட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். கோடு போடப் போட, அந்தப் படகுக் குடும்பம் எனக்குள் புகுந்துவிட்டது. பேரனின் அடாவடித்தனத்தைப் பற்றி என் கூட்டாளியிடம் புலம்பினேன். "யாருண்ணே அது, உங்க சொந்தக்காரனா?" என்றான்.

அப்படிக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். படகுக்காரரின் சின்ன மகளுக்கு ஐந்து அத்தியாயமாகக் காய்ச்சல். குழந்தை செத்துவிடுகிறது. தாய் அசந்து தூங்கும்போதே அதை அக்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தும் விடுகிறார்கள். பாவி மனுஷா, உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று திட்டினேன். சாப்பாடு இறங்கவில்லை. அதை அவள் காதில் போட்டு, அவளுக்கோ வயிற்றில் இருப்பதற்கோ ஏதாவது ஆகிவிட்டால்?

ஒரு முடிவோடு வீட்டுக்குப் போனேன். வழக்கம்போலக் கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, புத்தகத்தை விரித்து, அதில் இல்லாததைப் படித்தேன். "விடிஞ்சதும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. பசிக்குதுன்னு கேட்டா. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க."

அவள் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"கதை விடறீங்க" என்றாள்.

"இல்லையே, அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்த ஆளு காய்ச்சல் விட்டதை ஒரே வரியிலயா சொல்வாரு? அதுக்கே அவருக்குப் பத்துப் பக்கம் வேணும். புத்தகத்தைக் காட்டுங்க."

நான் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

"இங்க கோடே போடலையே நீங்க. குழந்தை செத்துப் போச்சா?"

"வேணாம்மா. டாக்டர் சொல்லியிருக்காங்க. இதை விட்டுட்டு அடுத்ததைப் படிக்கலாம்."

"நீங்க பிடிச்சுக்கோங்க. நான் படிக்கிறேன்."

நான் பிடித்துக்கொண்டேன். அவள் படித்தாள். ஒரு கோடும் இல்லாமல், எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே சரியாக விட்டுப் படித்தாள். தாய் கண் விழிக்கிறாள். படகில் கூடப் போனது யார் யார் என்று விசாரிக்கிறாள். ஒவ்வொருவராகப் பிடித்து, குழந்தை முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். ஒருவரும் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்க்கிறார்கள். அதுவரை வந்து அவள் நிறுத்தினாள். எழுத்து தெரியவில்லையோ என்று புத்தகத்தை இன்னும் கிட்டே பிடித்தேன்.

"எனக்கு மயக்க மருந்து குடுத்திருந்தாங்க" என்றாள். "நீங்க பாத்தீங்கல்ல?"

யாரை என்று நான் கேட்கவில்லை. "பாத்தேன்."

"தூக்கினீங்களா?"

"தூக்கினேன். நர்ஸ் துணியில சுத்திக் குடுத்தாங்க."

"எப்படி இருந்தா?"

இரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. "தலை நிறைய முடி" என்றேன். "காதுல கூட இருந்துச்சு."

"உங்க வீட்டுக் காது" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்து, கண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. "விரலு?"

"நீளம். உன்னுது. நகம்கூட வளந்திருந்துச்சு. நல்ல கனம். தூங்கற பிள்ளை மாதிரிதான் இருந்தா. எழுப்பிடுவோமோன்னு பயந்து பயந்து வச்சிருந்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ தாங்க மாட்டேன்னாங்க."

"யாரு சொன்னது? நான் பெத்தது அவ ஒருத்தியைத்தானே, அவளைப் பத்தி ஒண்ணுமே தெரியாம எப்படிங்க நான் இருக்கறது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மெக்கானிக் என்ன, ஆம்பிளை என்ன, புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அவளால் எழுந்து வர முடியாது. கையை மட்டும் நீட்டினாள், என் முகத்துக்கு எட்டவில்லை. நான் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டு, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் என் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.