பன்னிரண்டாவது கதிரை

றெக்ஸ் அமெரிக்கச் சிறையிலிருந்து பேர்லினுக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, தேங்காய்ப்பால் தகரம் ஒன்று ஒரு யூரோ எழுபத்தொன்பது சதம் விற்ற ஒக்டோபர் செவ்வாய்க்கிழமையில், அந்த நகரின் நொய்கெல்ன் பகுதியில் அவன் மனைவி இமெல்டாவின் வரவேற்பறைக்குப் பதினொரு அமெரிக்க ஜூரிமார் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் ஆறு பேர், பெண்கள் ஐந்து பேர். எல்லோருடைய சட்டையிலும் எண் எழுதிய வட்ட அட்டை குத்தியிருந்தது. மூன்றாம் மாடிக்குப் படியேறிய களைப்பில் மூச்சு வாங்கினார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கழற்றி வரிசையாக வைத்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அன்றைக்கே விளக்குமாற்றை எடுக்கவில்லை என்று இமெல்டா பிறகு சொன்னாள். தங்களுக்குப் பன்னிரண்டு கதிரை வேண்டும் என்று விரல்களால் காட்டினார்கள். அவள் கோயிலின் பங்கு மண்டபத்திலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகளை இரவல் வாங்கி வந்து போட்டாள். ஆறு ஆறாக இரண்டு வரிசை. பின்வரிசையில் யன்னலோரக் கதிரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்ல ஒன்றரை வருடம் பின்னால் போக வேண்டும். 2022 ஈஸ்டருக்கு றெக்ஸ் அமெரிக்காவிலிருந்த தன் மச்சான் பென்ஜமின் வீட்டுக்குப் போனான், பென்ஜமினுடைய மகன் கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்குக்காக. பென்ஜமினுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. மாநிலத்தின் பெயரைச் சொல்லி என்ன, றெக்ஸுக்கே அது ஒழுங்காக வாயில் வராது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவன் மச்சானின் வானை எடுத்துக்கொண்டு தெற்கே வேறொரு மாநிலத்துக்குப் போய், நாடா ஒட்டிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தான். மூன்றாம் ஞாயிறு எல்லை தாண்டியதும் பொலிஸ் மறித்தது. பெட்டிகள் நிறையச் சிகரெட். வரி குறைந்த இடத்தில் வாங்கி வரி கூடிய இடத்தில் விற்கப்போன சிகரெட். பென்ஜமின் அன்று மத்தியானமே கனடாப் பக்கம் போனவன்தான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. றெக்ஸ் மட்டும் வானுக்குப் பக்கத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அந்த நாட்டில் ஒரு மனிதனின் தலைக்கு மேல் இரண்டு அரசாங்கம். மாநிலத்துக்கென்று ஒரு சட்டப் புத்தகம், ஒரு நீதிமன்றம், ஒரு சிறை. மத்திய அரசுக்கு அதே வீதியின் மறுபக்கத்தில் இன்னொரு புத்தகம், இன்னொரு நீதிமன்றம், இன்னும் பெரிய சிறை. வரியை ஏய்த்தது மாநிலத்துக்குச் செய்த குற்றம், எல்லை தாண்டியது மத்திய அரசுக்குச் செய்த குற்றம். அதே பெட்டி, அதே வான், அதே ஞாயிறு. ஒரு குற்றத்துக்கு ஒருவனை இரண்டு தடவை வழக்கில் மாட்டக்கூடாது என்று அவர்களுடைய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் அரசாங்கம் இரண்டென்றால் குற்றமும் இரண்டு என்று அதற்கு விளக்கமும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஹனோவரில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை செய்யும் மகள் லவினியா இதைத் தொலைபேசியில் சொன்னபோது, இமெல்டா கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். வெட்கம் கெட்ட சட்டம் என்றாள். அதில் பிழை காண எதுவும் இல்லை.

நீதிமன்றமே இலவசமாகத் தந்த வழக்கறிஞர் றெக்ஸுக்கு முன்னால் இரண்டு பத்திரங்களை வைத்தார். விசாரணை வேண்டுமென்று நின்று தோற்றால் இரண்டு இடத்திலும் சேர்த்து ஒன்பது வருடம் போகலாம். தெரிந்தே செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் பதினாறு மாதம், இரண்டையும் ஒன்றாகவே இருந்து முடிக்கலாம், பிறகு நாடு கடத்துவார்கள். அங்கே நூறு வழக்கில் தொண்ணூறுக்கு மேல் இப்படிப் பேரம் பேசித்தான் முடிகிறது. வழக்கறிஞர் சொல்லி முடிக்க முன்னம் றெக்ஸ் இரண்டிலும் கையெழுத்து வைத்துவிட்டான். யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றான். குற்றவாளிதானா என்று கேட்டார். ஆம் என்றான். ஜூரியைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அப்படிக் கூப்பிடப்படாமல் போனவர்கள்தான் வழக்கைத் தேடி நொய்கெல்னுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவர், பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பருமனான பெண், இதை லவினியாவிடம் மிகவும் மரியாதையாக விளக்கினார். பன்னிரண்டாவது ஆளை இங்கேயே எடுத்துக்கொள்வோம் என்றார். தாங்கள் மாநிலத்தின் ஜூரி மட்டும்தான் என்றும், மத்திய அரசின் ஆட்கள் தனியாக வருவார்கள், எப்போது என்று தெரியாது, இரு பகுதிக்கும் பேச்சுவார்த்தை குறைவு என்றும் சொன்னார்.

இமெல்டாவின் நெஞ்சில் முள்ளை ஏற்றியவர் அவளுடைய தமையன் சூசைதாசன். றெக்ஸ் கையெழுத்து வைத்த செய்தி வந்த அன்றே அவர், "செய்யாதவன் சும்மா ஒப்புக்கொள்ளுவானோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அவள் ஊற்றிய தேத்தண்ணியை நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போனார். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் சனமும் அதையே வேறு வேறு சொற்களில் கேட்டது. அவள் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாள். தெரியாமல் ஓட்டியிருந்தால் அவன் புருஷன். தெரிந்துதான் ஓட்டியிருந்தால் கள்ளன், கள்ளனுக்கு இந்த வீட்டில் இடமில்லை. எது என்று தெரியும்வரை அவள் கையால் அவனுக்குச் சோறு போடுவதில்லை. பானையில் கிடக்கும், அவனே போட்டுச் சாப்பிடலாம்.

றெக்ஸ் வாய் திறக்கவில்லை. பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு, பேசினால் அது உனக்கே எதிராக வரும் என்று கைது செய்த பொலிஸ்காரன் சொன்னதை அவன் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். இமெல்டா ஒவ்வொரு நாளும் ஜூரிமாருக்கு முன்னால் நின்று கேட்டாள். கேட்கும்போதெல்லாம் பதினொருவரும் சின்னக் குறிப்புப் புத்தகங்களை எடுப்பார்கள். அவன் பேசாமல் குளிர்சாதனப் பெட்டியருகே நின்றுவிட்டுப் போவான். அவர்கள் புத்தகத்தை மூடுவார்கள். சந்தேக நபரின் மௌனத்தை அவனுக்கு எதிராக எடுக்கக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. இமெல்டாவுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. அவள் எடுத்தாள், நாள்தோறும் எடுத்தாள், இரண்டு வருடத்தில் அது மலையாகச் சேர்ந்தது.

ஜூரிமாரால் வந்த கரைச்சல் கொஞ்சமல்ல. அவர்கள் எதையும் தின்னவில்லை, தண்ணீர்கூட அளவாகத்தான். ஆனால் தொலைக்காட்சியில் செய்தி போட்டால், வழக்கைப் பற்றி வெளியிலிருந்து எதுவும் காதில் விழக்கூடாது என்று பதினொருவரும் ஒரேயடியாகக் காதைப் பொத்தினார்கள். வீட்டு நிர்வாகம் ஐம்பத்தெட்டுச் சதுரமீற்றரில் பதின்மூன்று பேரா என்று கடிதம் போட்டது. இமெல்டா நகர அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்து அவர்களைக் குடியிருப்பவர்களாகப் பதியப் போனாள். கடவுச்சீட்டு இல்லாமல் பதிய முடியாது, பதியாதவர்கள் வசிக்கவில்லை என்று அலுவலர் எழுதித் தந்தார். அந்தக் காகிதத்தை அனுப்பியதும் நிர்வாகம் சமாதானமானது. சூசைதாசன் ஒருமுறை வீராப்பாகப் போய் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து முடிந்தபோது நின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் நின்றார். அதன்பிறகு அவர் சமையலறை முக்காலியோடு நிறுத்திக்கொண்டார்.

2025 நவம்பரில் இமெல்டாவின் பொறுமை அறுந்தது. றெக்ஸின் உடுப்புகளைச் சூட்கேசில் அடுக்கிச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சமையலறைக் கலண்டரில், வருகிற ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி, டெர்மின் என்று எழுதினாள். அதைப் பார்த்த ஜூரிமார் சனிக்கிழமையே தலையை வாரிக்கொண்டார்கள். ஹனோவரிலிருந்து லவினியா மொழிபெயர்க்க வந்தாள். சூசைதாசன் கேளாமலே வந்தார்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ?" என்று இமெல்டா கேட்டாள்.

றெக்ஸ் சூட்கேசைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினான்.

"நான் பாக்கேல்லை."

"ஏன் பாக்கேல்லை?"

"பாத்தாத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா வானை எடுத்திருக்க ஏலாது. மச்சான் ஒரு மாசம் வீட்டில வைச்சுச் சோறு போட்டவன், அவனுக்கு என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?"

"அப்ப பாக்காத நீர் ஏன் தெரியும் எண்டு கையெழுத்து வைச்சனீர்?" ஆத்திரத்தில் அவளுக்கு மரியாதை ஒரு படி இறங்கியது.

"தொண்ணூற்றாறில கொழும்பில பொலிஸ் பிடிச்சு வைச்சிருந்த நேரம் சிங்களத்தில ஒரு பேப்பர் தந்தவங்கள். என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது. கையெழுத்து வைச்ச நாங்கள் நாலு பேரும் வீட்டை வந்தம். வைக்காத ரெண்டு பேரும் வரேல்லை. அமெரிக்காவிலயும் எனக்கு உம்மட்ட வரவேணும் போல இருந்தது, வைச்சன்."

தலைவி தன் கையிலிருந்த அறிவுறுத்தல் தாளை மறுபக்கம் திருப்பி லவினியாவிடம் நீட்டினார். லவினியா வாசித்தாள். சந்தேகம் வந்தும், தெரிந்துவிடும் என்பதற்காகவே ஒருவன் பார்க்காமல் விட்டால், அவன் தெரிந்தவனாகவே கருதப்படலாம் என்று அதில் இருந்தது. சூசைதாசன் முக்காலியில் நிமிர்ந்து, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். இமெல்டா சூட்கேசின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இமெல்டா," என்றான் றெக்ஸ். "அலுமாரிக்கு மேல நான் கொண்டுவந்த பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"உங்கட கோட்டு வழக்குப் பேப்பர்."

"பாத்தனீரோ?"

வந்த அன்றே அவள்தான் அதைத் தூக்கி மேலே வைத்தாள். இரண்டு கிறிஸ்மஸுக்கு இறக்கித் தூசி தட்டினாள். மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகியபோது பொலித்தீன் போட்டு மூடினாள். அவன் தெரிந்து ஓட்டினானா என்பது அந்தத் தாள்களில் இருக்கக்கூடும், ஆனால் நாடாவில் அவள் நகத்தைக்கூட வைக்கவில்லை. தமையன் கேட்டபோது நேரமில்லை என்று சொல்லியிருந்தாள். பதினொரு தலைகளும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன. அவள் சூட்கேசை விட்டுவிட்டுப் பின்வரிசைக்குப் போய், வெறுமையாகக் கிடந்த கதிரையில் இருந்தாள். அது யன்னலோரக் கதிரை. கதிரை அவளைத் தாங்கியது.

தீர்ப்புக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. பதினொருவரும் குற்றவாளி என்று எழுதினார்கள். எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் தீர்ப்பு, ஒருவர் மறுத்தாலும் இல்லை என்று தலைவி அவளிடம் சொல்லித் தாளை நீட்டினார். மறுக்க வேண்டுமென்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் அவள் குற்றவாளி என்றுதான் எழுதினாள். தண்டனை தங்கள் வேலையில்லை, அது நீதிபதியுடையது என்று சொல்லி, ஜூரிமார் குறிப்புப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். நீதிபதி யாரும் வந்திருக்கவில்லை. சூசைதாசன் சூட்கேசைத் தூக்கி வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தார். "அண்ணை, அதை வைச்சிட்டு நீங்கள் போங்கோ" என்றாள் இமெல்டா. அவர் போனபின் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் சோறு போட்டு, மீன்குழம்பு விட்டு, மேசையில் அடித்ததுபோல் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ. கள்ளனுக்கும் பசிக்கும்தானே."

றெக்ஸ் சாப்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், ஆனால் தட்டு வெறுமையானதும் இரண்டாம் தரமும் போட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை மணி அடித்தது. மத்திய அரசின் ஜூரிமார். நேற்றுப் போனவர்களைவிட நல்ல கோட்டு போட்டிருந்தார்கள், அதே வழக்குக்குத்தான் வந்திருந்தார்கள். இமெல்டா எண்ணினாள். பதினொரு பேர். சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். கதிரைகளை ஆறு ஆறாக ஒழுங்கு பண்ணினாள். பிறகு றெக்ஸின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் யன்னலோரக் கதிரையைக் காட்டி, "இந்தமுறை நீங்கள் இருங்கோ" என்றாள். அவன் இருந்தான், கதிரை தாங்கியது. அவள் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி மேசையில் வைத்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் அவன் நின்ற அதே இடத்தில், குளிர்சாதனப் பெட்டியருகே நின்றாள்.

"நானும் பாக்கேல்லை," என்றாள். "பாத்தா உங்களை அனுப்ப வேண்டி வந்திடுமோ எண்டு பயமாயிருந்தது."

றெக்ஸிடமும் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள், பன்னிரண்டு பேரும் திறந்தார்கள். லவினியா வேலைக்குப் பிந்தி வருவதாக ஹனோவருக்கு அறிவித்தாள். இமெல்டா நாடாவை வெட்டினாள்.