பென்சிலில் ஒரு மணல்திட்டு

மூன்று நாள் மழை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வெள்ளக் கட்டுப்பாட்டு அறை என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே எதுவும் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, சுவரில் ஆற்றின் வரைபடம், கூரை ஒழுகும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஆற்று வெள்ளத்தை அடக்க உட்கார்ந்திருக்கும் எங்களால் அந்த ஒரு ஒழுகலை மூன்று வருடமாக அடைக்க முடியவில்லை. வாளி நிரம்பிவிட்டதா என்று பார்க்க எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வாசலில் நின்ற, ஊர் ஊராக வெள்ள எச்சரிக்கை சொல்லும் மைக் வண்டியின் டிரைவர், "மேடம், நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் பக்கத்து ஊருக்கே போய்ச் சேந்திருக்கலாம்" என்றார். முறைத்தேன். டீ கிளாஸோடு நகர்ந்துவிட்டார்.

எங்கள் ஆறு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மேலே இருக்கும் தடுப்பணை எல்லைக்கு அப்பால் உள்ள பக்கத்து ஆட்சிக்காரர்களுடையது. அணையைத் தாண்டியதும் ஆறு இரண்டு கிளையாகப் பிரியும். இடது கிளை எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பின்புறத்தை உரசிக்கொண்டு போகும். வலது கிளை நாணல் காட்டுக்குள் போகும். அதன் நடுவில் ஒரு மணல்திட்டு, திட்டில் ஒன்பது வீடு. வெள்ளம் வந்தால் எந்தப் பக்கத்து மதகைத் திறப்பது என்று முன்பெல்லாம் இரண்டு ஆட்சிக்கும் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். ஆறு வருடம் முன்பு உட்கார்ந்து பேசி ஒரு அபாயப் பட்டியல் போட்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. அங்கே தண்ணீர் ஏற எவ்வளவு வாய்ப்பு, ஏறினால் எவ்வளவு சேதம், இரண்டையும் பெருக்கினால் ஒரு எண். எந்தக் கிளையின் மொத்தம் குறைவோ அந்தப் பக்கத்து மதகு முதலில் திறக்கும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம், யாருக்கு எந்த மந்திரியைத் தெரியும் என்று பார்க்க வேண்டாம். அந்தப் பட்டியலில் பாதி என் கையெழுத்து. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பத்தரை மணிக்கு மதகுக்காரர் கூப்பிட்டார். அணையின் பொறியாளர், எனக்கு எதிர்ப்பக்கத்து ஆள். வருடத்துக்கு இரண்டு தடவை கூட்டத்தில் பார்ப்பேன், மற்ற நாளெல்லாம் குரல்தான். நீர்மட்டம் ஏழு மீட்டரைத் தொடப்போகிறது, இரண்டு மணிக்குத் திறந்தாக வேண்டும் என்றார். பட்டியல்படி இடது பக்கம் பதினைந்து, வலது பக்கம் ஒன்பது. அதனால் வலது மதகு. நானும் பட்டியலைப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், சரி சார் என்றேன். கடைத்தெரு தப்பியது என்று ஒரு பெருமூச்சுகூட விட்டேன். என் வீட்டுக்காரரின் ஜெராக்ஸ் கடை அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து அண்ணி போன் செய்தாள். அண்ணன் அந்தத் திட்டில் பம்ப் பழுது பார்க்கிறான், அண்ணி வாத்து வளர்க்கிறாள். ஊருக்குள் வந்து இருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஊரில் வாத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று ஒரே பதில்.

"தண்ணி வர்ற மாதிரி இருந்தா மைக் வண்டி வரும்னு சொன்னியேம்மா. தரைப்பாலம் காலையிலேயே முங்கிடுச்சு. வண்டியும் வரல, படகும் வரல. அப்போ இன்னிக்கு ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்கலாமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மைக் வண்டிக்குக் கொடுக்கும் ஊர்ப் பட்டியலும் அபாயப் பட்டியலிலிருந்துதான் எடுப்போம். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். நாணல் காடு, மணல் குவாரி, பழைய செங்கல் சூளை. இருபத்திரண்டு வரி. மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுதான். முதல் பட்டியலில் இருபத்துமூன்று வரி இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

அலமாரியைக் கலைத்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய கூட்டத்தின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். கடைசி வரி இருந்தது. மணல்திட்டு, ஒன்பது வீடு, அபாய எண் பன்னிரண்டு. பென்சிலில் இருந்தது. என் எழுத்து.

எங்கள் கூட்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதைப் பேனாவில் எழுதுவோம், இழுபறியில் இருப்பதைப் பென்சிலில். அந்த வருடத்து வெள்ளத்தில் ஆறு தன் நடுவழியை மாற்றிக்கொண்டுவிட்டது. எல்லை என்பது ஆற்றின் நடுக்கோடு. அதுவரை எங்கள் பக்கம் இருந்த திட்டு ஒரே வாரத்தில் அவர்கள் பக்கம் போய்விட்டது, வீடும் வாத்தும் அங்கேயே இருக்க. நிலம் அளந்து முடிக்கும்வரை யார் கணக்கில் வைப்பது? என் தலைமைப் பொறியாளர் என் காதில், பென்சிலில் போட்டு வை, பிறகு அவர்கள் தலையில் கட்டிவிடலாம் என்றார். நானும் பேனா வரியை அடித்துவிட்டுப் பென்சிலில் எழுதினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நல்ல பிரதி தட்டச்சு செய்தவர் வழக்கப்படி பேனா வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டவள் நான். திட்டை அளக்க இன்றுவரை யாரும் வரவில்லை.

அந்த வாரமே அண்ணி என்னிடம் கேட்டிருந்தாள், எங்கள் பெயர் உன் பட்டியலில் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. தீயணைப்பு நிலையத்தில் ஒரே படகு. ஒரு நடைக்கு எட்டுப் பேர், போய்வர ஒரு மணி நேரம். இரண்டு மணிக்குள் அதிகம் போனால் மூன்று நடை, இருபத்துநாலு பேர். மீதி ஆட்கள் யார் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. படகை அனுப்பச் சொல்லிவிட்டுத் தலைமைப் பொறியாளரை அழைத்தேன். அவருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அன்று அவர் ஒரு கருத்தரங்கில் இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, அந்த நிலம் இப்போது நம்முடையதில்லையே, எழுத்தில் எதுவும் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே, பார்க்கலாம் என்றார். போனை வாளிக்குள் எறியலாம் போல இருந்தது.

மதகுக்காரரைப் பிடித்தேன். நடந்ததை மழுப்பாமல் சொன்னேன். பென்சிலில் எழுதியது நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பிரதியில் அவர் கையெழுத்தும் இருக்கிறது, அது அவருக்கும் நினைவு வந்திருக்கும்.

"மேடம், பட்டியல்ல இல்லாத ஊருக்காக நான் இடது மதகைத் திறந்தா, நாளைக்கு உங்க கடைக்காரங்களே என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. எனக்கு ஒரு வரி வேணும். எத்தனை பேர், என்ன எண், யார் பொறுப்பு. அதுல உங்க கையெழுத்து."

எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வீடு என்பது தெரியும், அண்ணனும் அண்ணியும் தெரியும், மற்றவர்களை நான் எப்போதும் வீடுகளாகத்தான் எண்ணியிருக்கிறேன். அண்ணியை அழைத்து, வீடு வீடாகப் போய்த் தலையை எண்ணச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். கேட்காதீர்கள், எண்ணுங்கள் என்றேன். போனைக் காதில் வைத்தபடியே சேற்றில் நடந்தாள். சளக் சளக்கென்று அவள் கால் சத்தமும் மூச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் கதவு தட்டி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு, எனக்குச் சொன்னாள். நான்கு, ஏழு, இரண்டு. ஒரு வீட்டில் கால் முறிந்து படுத்திருக்கும் மீன்காரர். ஒரு வீட்டில் விருந்தாளிகள். மொத்தம் முப்பத்தெட்டு. எல்லோரையும் மூட்டை கட்டிக்கொண்டு திட்டின் மேட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அங்கே அண்ணன் இல்லாவிட்டால் இப்படி ஓடியிருப்பேனா என்று ஒரு கேள்வி வந்தது. பதில் சொல்லிக்கொள்ள நேரமில்லை. நேரம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முப்பத்தெட்டுப் பேர், அபாய எண் பன்னிரண்டு, வலது பக்க மொத்தம் இருபத்தொன்று. பொறுப்பு என்ற கட்டத்தில் எங்கள் ஆட்சியின் பெயரை எழுதினேன். கீழே என் கையெழுத்து. படம் பிடித்து அனுப்பினேன். மணி பன்னிரண்டே முக்கால்.

மதகுக்காரர் திருப்பி அழைத்தார். ஒரு கையெழுத்து மட்டும் உள்ள வரி, விதிப்படி பென்சில் வரிதான் என்றார். இன்று ஒரு நாளைக்கு மட்டும் அதைப் பேனாவாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இடது மதகுன்னா கடைத்தெருவுல முழங்காலுக்குத் தண்ணி நிக்கும். உங்க வீட்டுக்காரர் கடை அங்கதானே? தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சார்."

மைக் வண்டி கடைத்தெருவுக்குப் போனது. நானும் ஏறிக்கொண்டேன், அறையில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். கடைக்காரர்கள் என்னைத் திட்டியதில் பாதியை இங்கே எழுத முடியாது. காலையில் வலது பக்கம் என்றீர்களே, யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் சின்ன ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கி மேசைமேல் வைத்திருந்தார். பெரியதைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். தெருவில் எல்லோரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், கைகொடுக்க ஆளில்லை. நான்தான் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேன். யாரிடம் என்ன சொன்னாய் என்று கேட்கக்கூட நேரம் இல்லாமல் காகிதக் கட்டுகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு இடது மதகு திறந்தது. மூன்று மணிக்குக் கடைத்தெருவில் கணுக்கால் தண்ணீர், நான்கு மணிக்கு முழங்காலைத் தாண்டியது. நாங்கள் கணக்குப் போட்டதைவிட ஒரு முழம் அதிகம். அவ்வளவும் வலது கிளையில் போயிருந்தால் திட்டின் மேடும் மிஞ்சியிருக்காது என்று மதகுக்காரர் சொன்னார். இடது மதகு என்று முடிவாவதற்குள் படகு ஒரே ஒரு நடை போய், பிள்ளைகள் எட்டுப் பேரைக் கரை சேர்த்திருந்தது. மாலை மழை விட்டதும் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள்.

ஆறு மணிக்குத் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனேன். பெரிய மெஷின் முட்டளவு தண்ணீரில் நின்றது. அவர் மேசைமேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க இன்ஜினியர் அம்மா. உங்க ஆறு நேர்ல வந்து பார்த்துட்டுப் போச்சு."

முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, துடைப்பத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தார். வாசலிலும் அதே தண்ணீர்தான், தள்ளத் தள்ள உள்ளே வந்தது. எனக்கு அழுகை வந்தது. நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணி போன் செய்தாள். குரலில் ஒரே கேலி.

"என்னம்மா, ஒரு சொட்டுகூட வரல. ஊரையே மூட்டை கட்ட வெச்சு, மத்தியானம் பூரா மேட்டுல நிக்க வெச்சுட்டியே. உங்க அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. வாத்துங்கதான் பாவம், கூடையில அடைஞ்சு கிடந்து அரண்டு போச்சுங்க."

நானும் சிரித்து மழுப்பியிருக்கலாம். தண்ணீர் வராத ஊரில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் தலையை எண்ணும்போது காதுக்குள் கேட்ட அவள் மூச்சுச் சத்தம் இன்னும் போகவில்லை.

"அண்ணி, நீங்க பட்டியல்ல இல்ல. ரெண்டு வருஷமா இல்ல. உங்க வரியைப் பென்சில்ல எழுதினது நான்தான். அதனாலதான் விட்டுப்போச்சு. இன்னிக்கு வலது மதகைத்தான் திறக்கிறதா இருந்தாங்க."

அவள் மேட்டையும் ஆற்றையும் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கு உன்கிட்ட கேட்டேனேம்மா" என்றாள். கேலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆமா அண்ணி. கேட்டீங்க."

"சரி, இப்பப் பேனாவுல எழுதியாச்சா?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இன்னும் இல்ல. ரெண்டு பக்கத்துக் கையெழுத்தும் வேணும். கூட்டத்துலதான் போடுவாங்க. கூட்டம் மழைக்காலம் முடிஞ்சப்புறம்."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளே இருந்த அண்ணனிடம் பேசினாள். தூரத்திலிருந்து வந்தாலும் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, அந்த மூட்டையை அவுக்காதீங்க. கட்டினபடியே இருக்கட்டும்."