பதினேழாம் ஜோடியும் இரண்டு மாப்புக் கட்டைகளும்

ராணுவப் பயிற்சி முகாமில் முதல் நாளே எங்கள் பெயர்களை வாங்கி வைத்துக்கொண்டு எண்ணைக் கொடுத்தார்கள். அதுவும் ஆளுக்கு ஒன்று இல்லை, இரண்டு பேருக்கு ஒன்று. எண்ணைக் கூப்பிட்டால் இருவரும் சேர்ந்து ஓரடி முன்னால் வர வேண்டும். ஒருத்தி தப்புச் செய்தால் இருவரும் ஓட வேண்டும். ஒருத்தியின் தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் மற்றவளைத்தான் கேட்பார்கள். எனக்கும் என் ஜோடிக்கும் பதினேழு.

நான் அதற்கு முன் ஒரு தையல் கடையில் ஆறு வருஷம் மெஷின் மிதித்தவள். ஆள் ஒல்லி, கோபம் மூக்கு நுனியில். அதனால் ஊசி என்று பெயர் விழுந்தது. என் ஜோடி ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஆள் வாட்டசாட்டம், எதற்கும் அவசரப்பட மாட்டாள். சாப்பாட்டு வரிசையிலும் கடைசி, குளியலறையிலும் கடைசி. எங்கள் சார்ஜென்ட் அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்தார். சார்ஜென்டுக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் விசில். ஐம்பதை நெருங்கும் பெண். தீராத முதுகுவலிக்காரர். குனிய வேண்டி வந்தால் இடுப்பில் கையை வைத்து, ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் குனிவார். தொண்டைக்கு மட்டும் எந்த வலியும் கிடையாது.

புயலிடம் ஒரே ஒரு கோளாறு. அணிநடையில் இடது கால் முன்னால் போகும்போது வலது கை போக வேண்டும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம். அவளும் அப்படித்தான் நடப்பாள், யாரும் கட்டளை போடாத வரைக்கும். "மார்ச்" என்ற சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, இடது காலோடு இடது கை, வலது காலோடு வலது கை. ஒற்றை ஆளாகப் பீரோவை நகர்த்தும்போது அது இந்த மூலை அந்த மூலையாக அசைந்து வருமே, அப்படி வருவாள்.

"உனக்கு எத்தன கை?" என்று விசில் கேட்டார்.

"ரெண்டு, மேடம்."

"ரெண்டும் உன்னோடதுதானா?"

"அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், மேடம்."

வரிசை மொத்தமும் சிரித்தது. சிரித்த பாவத்துக்கு எல்லோரும் மைதானத்தை நாலு சுற்று ஓடினோம், பதினேழு மட்டும் எட்டு. கடைசி நாலு சுற்றும் நான் அவளைத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

"மூச்சு வாங்குதுல்ல? அப்புறமா திட்டு," என்றாள் புயல். "நான் எங்க போயிடப் போறேன்?"

இதெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. விரிப்பில் சுருக்கம் கூடாது, பூட்ஸில் முகம் தெரிய வேண்டும், சட்டையைப் புத்தகம் மாதிரி மடிக்க வேண்டும். சண்டை வந்தால் எதிரிக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கவா போகிறோம்? தையல்காரி என்பதால் மடிப்பு வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் எமன் வேறு இடத்தில் இருந்தான்.

மூன்றாவது வாரம் ஆறடிச் சுவர். மற்றவர்கள் தாவித் தாவி ஏறிப் போய்விட்டார்கள். நான் அடியில் நின்றுகொண்டு சுவர் கோணல் என்று சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்தக் கதைதான். ஜோடியில் ஒருத்தியை இந்தப் பக்கம் விட்டுவிட்டு மற்றவள் போகக் கூடாது. புயல் சுவரோரம் மண்டியிட்டுத் தோளைக் காட்டினாள்.

"ஏறுடி. பெரிய பெரிய அண்டாவெல்லாம் தூக்குன தோள் இது. நீ என்ன, கரண்டி."

கரண்டி ஏறியது. அன்றிலிருந்து அவள்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, திட்டுவதைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஏழாவது வாரத்துக்குள் புயல் நடைத் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தாள். பத்தாவது வாரம் கடைசித் தேர்வு. மற்றவர்கள் முதல்முறை தவறினால் அடுத்த அணியோடு மறுபடி பயிற்சி எடுக்கலாம். அவளுக்கு இது மூன்றாவது. தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"எங்க அண்ணி என் கட்டிலக்கூட இன்னும் மடிச்சு வெக்கலயாம். திரும்பி வந்துருவேன்னு அவ்வளவு நம்பிக்கை," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வழி என் பழைய தொழிலிலிருந்து கிடைத்தது. தையல் மெஷினில் மிதிபலகையையும் சக்கரத்தையும் ஒரு கம்பி சேர்க்கும். மிதித்தால் போதும், சக்கரம் எதையும் யோசிக்க வேண்டாம். எனக்கும் அவளுக்கும் நடுவே அப்படி இரண்டு கம்பி இருந்தால்? எங்கள் குளியலறை மாப்பிலிருந்து ஒரு கட்டையைக் கழற்றினேன். இன்னொன்று வேண்டுமே. விசில் தன் அறையைத் தானேதான் துடைப்பார். அந்த அறை வாசலில் சாத்தியிருந்த மாப்பிலிருந்து அதையும் கழற்றிக்கொண்டு, துணியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். திருட்டா என்றால் திருட்டுத்தான்.

தினமும் சாயங்காலம் துணி துவைக்கும் நேரத்தில், காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே பயிற்சி. நான் முன்னால், அவள் பின்னால். இரண்டு கட்டைகளின் முன்முனை என் கைகளில், பின்முனை அவள் கைகளில். நான் கை வீசினால் அவள் கையும் வீசியாக வேண்டும். முதல் வாரம் என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தாள். இரண்டாம் வாரம் இழுப்பு குறைந்தது. ஒருநாள் தொங்கும் விரிப்புக்குக் கீழே மூன்றாவதாக ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது. முகம் தெரியுமளவுக்குப் பளபளப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பூட்ஸ் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனது. நல்லவேளை, பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் வாரம் கட்டை இல்லாமலே அவள் கை சரியாகப் போனது.

தேர்வு நாள். வெளியிலிருந்து ஓர் அதிகாரி அட்டையும் பேனாவுமாக வந்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக நடந்தோம், எனக்குப் பின்னால் புயல். என் காது முழுக்க அவள் பூட்ஸ் சத்தத்தில் இருந்தது. சரியாக வைக்கிறாளா, சரியாக வைக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். மைதானத்தின் கடைசியில் திரும்பும்போதுதான் பார்த்தேன். என் இடது கால் முன்னால் இருந்தது, என் இடது கையும் முன்னால் இருந்தது.

ஊருக்கு உபதேசம் செய்தவள் பீரோ மாதிரி வந்து நின்றேன். அதிகாரி அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "பதினேழு, முன்னால வா," என்றார்.

ஓரடி முன்னால் வந்தேன். பக்கத்தில் இன்னொரு பூட்ஸ் சத்தம் கேட்டது.

"நான் ஒருத்தியத்தான் கூப்பிட்டேன்."

"பதினேழுன்னா ரெண்டு பேர், சார்," என்றாள் புயல்.

"உள்ள போடி," என்று பல்லைக் கடித்தேன். காதில் வாங்கவில்லை.

"நீ பாஸாயிட்டம்மா. வெளிய வந்தா நீயும் மறுபடி நடக்கணும். தவறினா அவ அடுத்த அணிக்கு, நீ வீட்டுக்கு. தெரியும்ல?"

"தெரியும், சார்."

அதிகாரி விசிலைத் திரும்பிப் பார்த்தார். விசில் எங்களைப் பார்க்கவே இல்லை. "எண்ணைத்தான் கூப்பிட்டீங்க, சார். எண் வந்திருக்கு," என்றார்.

வரிசையில் பேசுவது குற்றம். "மார்ச்" விழுந்ததும் பின்னாலிருந்து உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது. "கட்டை கையிலதான் இருக்குடி." நான் விரல்களை இறுக்கினேன். மூன்று வாரம் பிடித்த பிடி உள்ளங்கையில் அப்படியே இருந்தது. போனோம், திரும்பினோம், வந்து நின்றோம். அதிகாரி முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். எனக்குக் கண்ணைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

சாயங்காலம் விசில் எங்கள் கூடத்துக்கு வந்தார். "பதினேழு! கட்டை எங்க?"

மெத்தைக்கு அடியிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னோடது. மூணு வாரமா மண்டி போட்டு என் ரூமைத் தொடைக்கிறேன்."

இடுப்பில் கை வைத்து யோசித்துக் குனிகிற மனுஷி. புயல்தான் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, மேடம்?"

"கேட்டா திருப்பிக் குடுத்துருப்பீங்களே," என்றார் விசில்.

அவ்வளவுதான். அடுத்த நொடி தொண்டை திறந்துகொண்டது. "முகாம் சொத்துமேல கை வெக்க யாரு சொன்னா? எட்டு சுத்து! ஓடு!"

ஓடினோம். இரண்டு சுற்று முடிந்தும் நான் வாயைத் திறக்காததைப் பார்த்துப் புயல் பயந்துவிட்டாள்.

"ஏன்டி, இன்னிக்கு என்னைத் திட்டலயா?"

அழுதுகொண்டே ஓடுவது கொஞ்சம் சிரமம். மூச்சைப் பிடித்துச் சொன்னேன்.

"அப்புறமா திட்டுறேன். நீ எங்க போயிடப் போற?"