சுருளிப்பட்டியில் சிவப்பு வெளுத்த விதம்

கோட்டைச்சாமி குடும்பத்துக்குச் சொந்தமான எந்தப் பொருளிலும் இப்போது சிவப்பு நிற்பதில்லை. டப்பாவைத் திறந்ததும் குங்குமம் திருநீறுபோல் வெளுத்துவிடுகிறது. வற்றல் மிளகாய் முறத்தில் கொட்டும்போதே எலும்பு நிறமாகிறது. சுருளிப்பட்டியில் இதை யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. மூத்தவள் பவானி ஓசூருக்கு வேலைக்குப் போன மறுநாள் தொடங்கியது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பவானி மதுரையில் எம்.எஸ்சி. முடித்த ஆனி மாதம் அவளுக்கு இரண்டு வழிகள் திறந்தன. புனேயில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து ஐந்து வருஷம் முனைவர் பட்டம் படிக்கக் கூப்பிட்டது. திராட்சைக்கு நிறம் எப்படி ஏறுகிறது என்பது அவள் எடுத்திருந்த தலைப்பு. ஓசூரில் ஒரு மசாலாக் கம்பெனி தன் லேபில் வேலை கொடுத்தது. திராட்சைப் பந்தலுக்கடியில் வளர்ந்தவள் புனேதான் என்றாள். "அஞ்சு வருசங் கழிச்சு நீ டாக்டராகி வரையில ஒனக்கு மாப்ள தேடி நான் எங்கன போக? ஊசி போடாத டாக்டர எவன் கட்டுவான்?" என்றார் கோட்டைச்சாமி. "படிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்குறாகன்னா அதுல என்னமோ வில்லங்கம் இருக்கு மச்சான்" என்று தாய்மாமன் வேல்பாண்டி ஒத்து ஊதினார்.

வீட்டில் சண்டை ஓயாததால் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. தோட்டத்தில் போர்க்குழாய் இறக்கவும் பெண் எடுக்கவும் அந்தப் பக்கத்தில் சாமியிடம் கேட்பது அப்படித்தான். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. கட்டிப் போட்டால் வீட்டுக்கு இளையவள் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் புனே, சிவப்பு வந்தால் ஓசூர். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி ஓவியாதான் அப்பாவுக்குப் பூ எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு இலையிலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினார். வெள்ளை நந்தியாவட்டை சட்டைப்பைக்குள் போனது. ஓவியா பார்த்ததை அவரும் பார்த்தார். "ஆத்தா, வாயத் தொறந்தேன்னு வையி, ஒனக்குக் காலேசு கெடையாது" என்று கோபமே இல்லாமல் சொன்னார். அந்தப் பயத்தில் ஓவியா கையில் பட்டதை எடுத்தாள். சிவப்பு. மறு பொட்டலம் சுருளியாற்றில் மிதந்து போவதை பவானி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலமே புனேக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள்.

அவள் ஓசூர் போன மறுநாள் காலை அம்மா சங்கிலியம்மாளின் பொட்டு வெளுத்தது. தாலியறுத்தவள்போல் இருக்கிறதே என்று புதுக் குங்குமம் வாங்கினாள், அதுவும் வெளுத்தது. பந்தலில் சிவந்து கறுக்க வேண்டிய பன்னீர் திராட்சை வெள்ளையாகவே பழுத்துத் தொங்கியது. "என்னண்ணே, பழத்த வெள்ளாவி வச்சு எடுத்தீகளா?" என்று கேட்டு வியாபாரி வீரபாண்டி கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்தான். அடுத்த வருஷம் ஜனங்களுக்குப் பழகிப்போய் இரண்டு ரூபாய் ஏற்றிக் கொடுத்தான். ஓவியா அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டபோது வடிந்ததும் வெள்ளைதான். துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வெங்காயத்தை அரிந்தாள். ஓசூரில் பவானி தொட்ட மிளகாய்ப்பொடியும் வெளுத்தது. கம்பெனிக்காரர்கள் அவளைத் திட்டவில்லை. வெள்ளை மிளகாய்ப்பொடி என்று பாக்கெட் போட்டு விற்று அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். மாப்பிள்ளைதான் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சங்கிலியம்மாளின் நெற்றியைப் பார்த்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

மூன்றாம் வருஷப் பொங்கலுக்கு பவானி வந்தபோது ஓவியா உத்தமபாளையத்தில் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். இனி யாரும் நிறுத்த முடியாது என்று தைரியம் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு எலையிலயும் செவப்புத்தேன்க்கா இருந்துச்சு."

பவானி மிளகாய்க் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. "தெரியும்டி. ஆத்துல எல விரிஞ்சிருச்சு, பாத்தேன்."

"தெரிஞ்சுமா வரலன்னு எழுதுன?"

"நீ வாயத் தொறப்பேன்னு சாயங்காலம் வரைக்கும் இருந்தேன்."

ஓவியா அழுதாள். பவானி அடுத்த கை மிளகாயை அள்ளிக்கொண்டாள். முறம் நிறைந்த பிறகு ஓவியாதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஏன்க்கா இப்பிடி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டாள்.

"அதப் படிக்கத்தேன்டி புனேக்குப் போறேன்னேன்."

லீவு முடிந்து அவள் கிளம்பும்போது சங்கிலியம்மாள் குங்குமச் சிமிழை நீட்டினாள். பவானி வெள்ளையைத் தொட்டு வைத்துக்கொண்டு கம்பம் பஸ்சுக்கு நடந்தாள்.