பதின்மூன்றாவது முனை

அட்டைப்பெட்டிப் பட்டறையில் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்த நெட்டையக்காவின் இரண்டு விரல்கள் போனது காலை பத்தரை மணிக்கு. பதினொரு மணிக்கெல்லாம் பட்டறை முதலாளியான அண்ணன் சின்னவளுக்குப் போன் போட்டுவிட்டான். "உன் புரோகிராம்தான் அந்தம்மா கையை வாங்கிடுச்சு!"

அந்த இயந்திரத்தோடு பட்டறையின் பழைய கம்ப்யூட்டரை இணைத்து, புரோகிராமும் எழுதிக் கொடுத்தவள் சின்னவள்தான். பிரிண்டரைச் செருக அதன் பின்னால் இருந்த இருபத்தைந்து முனை போர்ட்டை வேறு வேலைக்குத் திருப்பியிருந்தாள். இரண்டாவது முனையில் மின்சாரம் ஏறினால் கத்தி இறங்கும். கத்தியின் பாதுகாப்பு மூடி சாத்தியிருக்கிறதா என்பதைப் பதின்மூன்றாவது முனை சொல்லும். திறந்திருந்தால் கத்தி அசையவே அசையாது. நூறு தடவை சோதித்துப் பார்த்தவள் அவள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் நேரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். 'மூடியிருக்கிறது' என்றது திரை. மூடியின் சுவிட்சையே கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்போதும் 'மூடியிருக்கிறது'.

கேபிளை உருவி, அதன் தலையில் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். பதின்மூன்றாவது முனைக்கும் பக்கத்திலிருந்த கிரவுண்ட் எனும் எர்த் முனைக்கும் நடுவே செப்புக் கம்பி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. மூடி சாத்தினால் சுவிட்ச் செய்கிற அதே இணைப்பு. இனி மூடி வாயைப் பிளந்து கிடந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"இது யார் வேலை?"

"கத்தாதே. மூடியைத் திறந்து திறந்து மூடினா வேலை எப்படி ஓடும்? எலக்ட்ரீஷியனை வச்சு நான்தான் போடச் சொன்னேன்" என்றான் அண்ணன்.

"போட்டுட்டு, பழியை என் தலையில கட்டுறியா?"

"நீ என் தங்கச்சி. வெளியாள் எழுதினதுன்னா கேஸாகும். உன்னோடதுன்னா வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும்."

கேபிளைப் பைக்குள் திணித்துக்கொண்டு சின்னவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துப் படுத்திருந்த நெட்டையக்கா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் கவனக்குறைவுதாம்மா. முதலாளி ஆள் விட்டுச் சொல்லிட்டாரு. என் தப்புன்னே எழுதி எடுத்துட்டு வந்து காட்டினாங்க. இந்தக் கையால கையெழுத்துப் போட முடியலை, அவ்வளவுதான்."

ஒரே நாளில் இரண்டு கதை! தங்கைக்கு ஒன்று, கை போனவளுக்கு ஒன்று. சின்னவள் கேபிளை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். கம்பியைத் தொட்டுக் காட்டி நடந்ததைச் சொன்னாள். "உங்க தப்பு இல்லக்கா. ஒத்தைக் கம்பிக்கு ஏமாறுற மாதிரி வச்சது என் தப்பு. அந்தக் கம்பியைப் போட்டது அவன்."

நெட்டையக்கா அழவில்லை. கம்பியை உற்றுப் பார்த்தாள். "இதை எழுதிக் கொடுப்பியா?"

"இப்பவே."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்தது. அன்றைக்கே அதைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாள். மறுநாளே அங்கிருந்து ஆட்கள் வந்து இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். "கூடப்பிறந்தவனையே காட்டிக் கொடுத்துட்டியேடி" என்று அம்மா போனில் அழுதாள்.

"நெட்டையக்காவுக்கு ரெண்டு விரல் இல்லம்மா. அதுக்கு அழு" என்று சொல்லிப் போனை வைத்தாள் சின்னவள்.