ஈரத்தோடு திரும்பியவர்கள்

இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன்பிடிக் கப்பல் ஒன்று ஐஸ்லாந்துப் பக்கம் பனிப்பாரம் ஏறிக் கவிழ்ந்த வாரம், அதில் போயிருந்த ராஃப் பைபஸ் மட்டும் மத்தியான வேளையில் சொட்டச் சொட்ட நனைந்து வீடு வந்து சேர்ந்தான். அவனுடைய அக்கா எனிட் செய்தியில் அவன் பெயரைப் போடாமல் விட்டதுதான் காரணம். மாலைப் பத்திரிகையின் துறைமுகச் செய்தியாளர் அவள். இறந்தவர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவளுக்குத் தம்பியின் பெயரில் விரல் இறங்கவில்லை. அப்படியே அச்சாகிவிட்டது. பத்திரிகையில் வராத சாவைக் கடலும் பொருட்படுத்தவில்லை.

ராஃப் நலமாகத்தான் இருந்தான். ஈரம் மட்டும் காயவில்லை. கணப்பின் முன்னால் உட்கார்ந்தாலும் சட்டையிலிருந்து உப்புத்தண்ணீர் வடிந்தது. அம்மா நாற்காலிக்கடியில் வாளி வைத்துவிட்டுத் தேநீர் கொடுத்தாள்.

எதிர்வீட்டு டில்லியின் கணவன் ஆர்ச்சியும் அதே கப்பலில் போனவன். அவள் வந்து வாளியைப் பார்த்தாள்.

“என் ஆர்ச்சி பேரை அடிக்கறப்ப மட்டும் உன் விரல் நல்லா இறங்குச்சாடி, எனிட்?”

ஆர்ச்சியின் பெயரை நீக்கித் திருத்தம் போடச் சொல்லி எனிட் பத்திரிகை ஆசிரியரிடம் ஓடினாள். “அச்சேறினது அச்சேறினதுதாம்மா. ஆள் நேர்ல வந்து நிக்கட்டும், திருத்தம் போடுறேன்” என்றார் அவர்.

செய்தியில் முடியாததால் எனிட் நாவல் எழுத உட்கார்ந்தாள். கடலுக்குப் போன ஒருவன் வீடு திரும்புகிறான், அவ்வளவுதான் கதை. ஆர்ச்சியின் ஓட்டைப்பல், சுருதி சேராத சீட்டி எல்லாவற்றையும் டில்லியிடம் கேட்டு எழுதினாள்.

“தூக்கத்துல எப்படி?” என்றாள் எனிட்.

“ஊரே எழுந்துக்கிற மாதிரி குறட்டை விடுவான். அதை எழுதித் தொலைக்காத, அது இல்லாம வந்தாப் போதும்.”

எனிட் எழுதினாள். புத்தகம் கடைக்கு வந்த அன்று ஆர்ச்சி ஈரத்தோடு கதவைத் தட்டினான். மறுநாள் காலை, “எழுதாதன்னு சொன்னேன்ல!” என்று டில்லி தெருவிலிருந்தே கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.

அதன்பிறகு ஆளுக்கொரு நாவல், நாவலுக்குச் சில வருஷங்கள். இவருக்கு ஒரே கதைதான் தெரியும் என்று லண்டன் விமர்சகர்கள் எழுதினார்கள். எனிட்டைப் பெண்கேட்ட கப்பல் கணக்கர், “இந்தப் புத்தகம் முடியட்டும்” என்ற பதிலைப் பலமுறை கேட்டுவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். போன வயதிலேயே திரும்பிய கணவர்களோடு நரைத்த மனைவிகள் கைகோத்து நடந்தார்கள். நகராட்சி அந்தத் தெருவுக்குப் பெரிய சாக்கடை கட்டிக்கொடுத்தது.

இன்னும் திரும்பாமல் கடைசியாக மிஞ்சியவர் கப்பலின் கொதிகலன்காரர் சைலஸ் லார்க்கம். அவருக்கு உற்றார் கிடையாது. விசாரிக்க ஒரு ஆளும் இல்லை. எனிட் எல்லாவற்றையும் தானே இட்டுக்கட்டினாள்: மெதுவான பேச்சு, படகோட்டிகளைக் கேலி செய்யும் குணம், சமைத்தவளைப் பாராட்டிவிட்டுச் சாப்பிடும் வழக்கம். அவர் திரும்பி வர ஒரு வீடு எழுத வேண்டிய இடத்தில் வெகுநாள் யோசித்து, ஒரு வாசல் என்று மட்டும் எழுதினாள்.

நாவல் வெளியான அன்று அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தாடியிலிருந்து தண்ணீர் வடிய சைலஸ் நின்றார்.

“உள்ள வரலாங்களா? தரையெல்லாம் ஈரமாயிடுமே.”

“இந்தத் தெருவுல எந்தத் தரை காஞ்சிருக்குங்க?” என்று எனிட் வழிவிட்டாள்.

அதன்பிறகு அவள் நாவல் எழுதவில்லை.